அழுங்காமையும் அன்னமுன்னாவும்

ஊர்காவற்றுறை மீன் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆச்சியின் கைகளில் முழங்கை வரை செதில் ஒட்டியிருந்தது. விளைமீனை வாலில் பிடித்து, கத்தியின் முதுகால் தலைப் பக்கமாக ஒரு இழுவை. செதில்கள் தெறித்துப் பலகையிலும் நிலத்திலும் பக்கத்துக் கூடையிலும் விழுந்தன. ஒன்று என் குறிப்புப் புத்தகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே மூடி வைத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தபோது காய்ந்து, ஓரம் சற்றே சுருண்டு, தகடாகக் கிடந்தது.

பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று போதும். செதிலின் ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்க ஓரத்தில் மிக நுண்ணிய பற்கள். நடுவிலிருந்து ஓரம் வரை பெருவிரல் ரேகை போல வளையத்துக்குள் வளையம். இந்தத் தகட்டில் வெளியே தெரிந்திருந்தது பல் உள்ள ஓரப் பகுதி மட்டும். மற்றதெல்லாம் மீனின் தோலுக்குள் ஒரு சிறு பைக்குள்ளும் முன்னால் உள்ள செதிலுக்கு அடியிலும் மறைந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் கிடுகு வேய்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கூரை வேயும்போது தாழ்வாரத்தில் தொடங்கி முகடு நோக்கிப் போவார்கள். மேல் வரிசைக் கிடுகு கீழ் வரிசையின் தலையை மூடும். மழைநீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். மீனின் தலைதான் முகடு, வால் தாழ்வாரம். ஆச்சி வாலிலிருந்து சுரண்டியதன் காரணமும் அதுவே. வேய்ந்த திசைக்கு எதிராகப் போனால்தான் கிடுகைக் கிளப்பலாம்.

அன்றைக்குச் சந்தையில் ஒரு சின்னச் சுறாவும் கிடந்தது. செதில் இல்லாத மீன் சுரண்டச் சுகம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்.

“சுறாவுக்குச் செதில் இல்லையெண்டு ஆர் உமக்குச் சொன்னது? தலையில இருந்து வாலுக்குத் தடவிப் பாரும், தம்பி.”

தடவினேன். பட்டுப்போல இருந்தது.

“இப்ப வாலில இருந்து தலைக்குத் தடவும்.”

உள்ளங்கையில் அரம் உரசியது.

“சுடுதண்ணி ஊத்தி உரஞ்சினால் மண் மாதிரிக் கொட்டும். அதுதான் அதின்ரை செதில்.”

சுறா வறை செய்கிற எந்த வீட்டிலும் அந்த ‘மண்’ணைக் கண்டிருப்பார்கள். நுணுக்குக்காட்டியில் அதன் ஒவ்வொரு துகளும் ஒரு பல். உவமைக்குச் சொல்லவில்லை, கட்டமைப்பே அதுதான். உள்ளே மென்கூழ், அதைச் சுற்றிப் பற்திசு, மேலே மிளிரி போன்ற கடினப் பூச்சு. நம் வாயில் உள்ள பல்லைப் போலவே. விளைமீன் செதிலுக்கும் இதற்கும் வளர்ச்சியிலும் ஒரு வேறுபாடு உண்டு. விளைமீன் குஞ்சாக இருக்கையில் அமைந்த செதில்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. உடல் பெருக்க, ஒவ்வொரு செதிலும் ஓரத்தில் வளையம் கூட்டிப் பெரிதாகும். சுறாவின் பல்செதில் ஒருமுறை முளைத்தால் பிறகு பெருப்பதில்லை. உடல் வளர வளர இடையிடையே புதியவை முளைக்கும். ஒரே சந்தையில், ஒரே பலகையில் கிடந்த இரண்டு மீன்களின் ‘செதில்’ இரண்டு வெவ்வேறு பொருள்கள்.

இந்த அத்தியாயம் அந்தச் சொல்லைப் பற்றியது. உயிர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் உலகெங்கும் செதிலைக் கண்டார்கள். இலத்தீனில் ஸ்குவாமா, கிரேக்கத்தில் லெபிஸ், தமிழில் செதில். பழத்துக்கும் பாம்புக்கும் ஆமைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் புழுவுக்கும் மரத்தில் படிந்த இலைக்கனுக்கும் அந்தப் பெயர் போய் ஒட்டியிருக்கிறது. பெயர் என்பது கண்ணால் வரைந்த ஒரு படம். அந்தப் படத்தை வரைந்தவர் எதை உற்றுப் பார்த்தார் என்று தேடிப் போனால், பெயருக்குப் பின்னால் உள்ள உயிர் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது.

*

தீவுகளின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்தத் தேடலைத் தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தங்கள் ஊர்ப் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறை இருக்கும் வேலணைத் தீவு லைடன் ஆனது. நெடுந்தீவு டெல்ப்ட். நயினாதீவு ஹார்லெம். காரைதீவு அம்ஸ்ரர்டாம். இவற்றில் டெல்ப்ட் மட்டும் இன்றுவரை ஆங்கிலப் பேச்சில் நின்றுவிட்டது. உயிர்களுக்கு இன்று நாம் வழங்கும் அறிவியற் பெயர்களின் வரலாற்றில் அடிக்கடி வரும் ஊர்களும் இவைதான். கடலில் அடுத்தடுத்துக் கிடக்கும் நான்கு தீவுகளின் பெயரைச் சொன்னால், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டு உயிரியலின் முகவரிகளைச் சொன்னதாகிவிடும்.

டெல்ப்டில் இருந்து தொடங்கலாம். யாழ்ப்பாணக் கோட்டை விழுந்த ஆண்டில் அந்த நகரில் 25 வயதுத் துணிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் அந்தோனி வான் லேவன்ஹுக். பிற்காலத்தில் தானே தேய்த்துச் செய்த மிகச் சிறிய வில்லைகளால், அதுவரை மனிதக் கண் காணாத நுண்ணுயிர்களைக் கண்டவர். மீன் செதிலையும் அவர் விடவில்லை. கெண்டை இனத்துப் பெருமீனின் செதிலில் அடுக்குகளை எண்ணி, ஆண்டுக்கு ஓர் அடுக்கு கூடுகிறது என்று கணித்தார். என் புத்தகத்தில் ஒட்டிய செதிலின் வளையங்களை மீனின் வயதோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அங்கே தொடங்கியது. குளிர்காலம் வந்து வளர்ச்சி நிற்கும் நாடுகளில் இந்தக் கணக்குத் தெளிவாக வரும். நம் கடலில் ஆண்டு முழுதும் வெப்பம் என்பதால் வளையங்கள் குழம்பிக் கிடக்கும். செதில் இல்லாதது என்று எல்லோரும் நம்பிய விலாங்குக்கும் தோலுக்குள் நுண்செதில் உண்டென்று காட்டியவரும் அவரே. ஊர்காவற்றுறை ஆச்சியும் டெல்ப்டின் துணிக்கடைக்காரரும் பேசியது ஒரே பேச்சு: இல்லை என்று சொல்லுமுன் தடவிப் பார்.

லைடன் பெயர் தாவரங்களோடு கட்டுண்டது. 1672 முதல் 1677 வரை ஒல்லாந்துக் கம்பனியின் மருத்துவராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மான், செடிகளை உலர்த்தி ஒட்டித் தொகுப்பாக்கினார். படங்களும் வரையப்பட்டன. பிறகு லைடனில் தாவரவியல் பேராசிரியராக இருந்து 1695இல் இறந்தார். அவருடைய தொகுப்புக் காணாமற் போய், 1740களில் கோபன்ஹேகனில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் இருந்து வெளிவந்தது. அது சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் கைக்குப் போய்ச் சேர, 1747இல் அவர் ‘புளோரா ஸெய்லானிக்கா’ எழுதினார். இலங்கையைக் கண்ணால் காணாதவர் இலங்கைச் செடிகளைப் பற்றி எழுதிய நூல் அது. நான்கு தொகுதி செடியும் ஒரு தொகுதி படமும் இன்றைக்கு இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கின்றன. லின்னேயஸின் ‘சிஸ்டமா நாட்டுரே’ முதற்பதிப்பு 1735இல் அச்சானதும் லைடனில்தான். அந்த ஆண்டு தொடங்கி அவர் தங்கி வேலை செய்த ஹார்டெகாம்ப் தோட்டம் லைடனுக்கும் ஹார்லெமுக்கும் நடுவே இருந்தது. யோஹன்னஸ் பர்மன் 110 படத்தகடுகளோடு இலங்கைச் செடிகளைப் பற்றி வெளியிட்ட ‘தெஸாரஸ் ஸெய்லானிக்கஸ்’ 1737இல் அம்ஸ்ரர்டாமில் வந்தது.

*

இனி வேலணை வளவு ஒன்றில் காய்த்துத் தொங்கும் அன்னமுன்னாவிடம் வருவோம். தமிழகத்தில் சீத்தாப்பழம் என்பார்கள். அமெரிக்க வெப்பநிலத்தில் பிறந்து கப்பலேறி வந்த மரம். 1753இல் லின்னேயஸ் அதற்கு அனோனா ஸ்குவாமோசா என்று பெயரிட்டார். செதில்கள் நிறைந்த அனோனா என்று பொருள். அதே நூலில் அதன் உறவுகளுக்கும் தோலைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார். வலைக்கோடு ஓடிய தோல் உள்ளது ரெட்டிக்குலாட்டா. முள்முள்ளாக இருப்பது மூரிக்காட்டா. பின்னது முள்ளுள்ள முரெக்ஸ் சங்கின் பெயரால் வந்தது. நிலத்துப் பழத்துக்குக் கடற்சங்கின் பெயர் வந்த கதை, கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

அன்னமுன்னாவின் செதில் எங்கிருந்து வந்தது? பூவைப் பிரித்தால் விடை உண்டு. தடித்த மூன்று இதழ்களுக்குள், நடுமேட்டில் சூல்வித்திலைகள் நெருங்கி நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சூல். பூவின் பெண் பகுதி முதலில் முதிரும். ஆண் பகுதி பிறகுதான் மகரந்தம் விடும். நடுவில் தூது போவது பெரும்பாலும் சிறு வண்டுகள். மகரந்தம் பெற்ற ஒவ்வொரு சூல்வித்திலையும் சதைபற்றி ஒரு விதையைச் சூழ்ந்து வளரும். எல்லாம் சேர்ந்து ஒட்டி ஒரே பழமாகும். அவற்றின் வெளிமுனைகள்தான் நாம் விரலால் பிட்டு எடுக்கும் செதில்கள். ஆகவே அது போர்வை அன்று. ஒவ்வொரு செதிலும் ஒரு சிறு கனியின் முகம். ஒரு பக்கம் சப்பையாகக் கோணிப்போன பழத்தைக் கண்டால், அந்தப் பக்கத்துச் சூல்களுக்கு வண்டு வரவில்லை என்று அறியலாம். இவ்வளவும் தோலிலேயே எழுதியிருக்கிறது.

பனையிலும் செதில் உண்டு, ஆனால் ஆண்பனையில். ஆண்பனைப் பாளையின் விரல் போன்ற கதிர்களைக் காற்றுக் காலத்தில் நிலத்தில் பொறுக்கலாம். காய்ந்து கறுத்த கதிரைக் கையில் எடுத்தால், பாம்பின் உடலைப் பிடித்தது போலத் திடுக்கிடும். பூவடிச் செதில்கள் சுருள் சுருளாக ஒன்றையொன்று தழுவிப் போயிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குழி. ஆண்பூக்கள் அந்தக் குழிக்குள் இருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து விரிந்தவை. செதில் அங்கே மொட்டுகளின் கதவு.

*

பாம்பு என்றவுடன் தீவார்க்கு நயினாதீவு நினைவுக்கு வரும். குறிகட்டுவான் துறையில் படகேறி நாகபூஷணி அம்மனிடம் போகிறவர்கள் நாகத்தைக் கல்லில் செதில் செதிலாகச் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். மீன் செதிலுக்கும் பாம்புச் செதிலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல சான்று, வேலியில் தொங்கும் பாம்புச்சட்டை. மீனின் செதிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். பாம்பின் செதிலைப் பிடுங்க முடியாது. அது தனித் தகடு அன்று, ஒரே தோலின் மடிப்பு. நகத்தின் பொருளான கெரட்டினால் மேல்தோல் தடித்து மடிந்தது. அதனால்தான் உரித்தால் முழுச்சட்டையாகக் கழல்கிறது. கடற்பாம்புகள் தரைப்பாம்புகளைவிட அடிக்கடி சட்டை உரிப்பவை. தோலில் வந்து குடியேறும் கடல் உயிர்களையும் அதோடு கழற்றிப் போட்டுவிடும். தரைப்பாம்புக்கு வயிற்றில் அகலமான பட்டைச் செதில்கள் உண்டு, ஊர்வதற்கு. நீரைவிட்டு வெளியேறாத கடற்பாம்புகளில் அவை சுருங்கி மற்றச் செதில்களைப் போலாகிவிட்டன. உடற்செதில்களும் பல இனங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கமாக நிற்கும். வலையில் சிக்கி இறந்து கரைக்கு வந்த ஒன்றைத் தடியால் புரட்டிப் பார்த்தாலே இது தெரியும். இறந்ததையும் கையால் தொடவேண்டாம்.

என்னை இந்த அத்தியாயம் எழுத வைத்தது இவற்றில் எதுவும் அன்று. ஓர் ஆமை.

கூரிய சொண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஓட்டுத் தகடுகளும் உள்ள கடலாமைக்கு 1766இல் லின்னேயஸ் இம்பிரிக்காட்டா என்று பெயர் வைத்தார். இம்பிரெக்ஸ் என்பது உரோமர் கூரையில் போட்ட ஓடு. ஓடு வேய்ந்தது போன்ற ஆமை என்று பொருள். மற்றக் கடலாமைகளின் முதுகுத் தகடுகள் பரவிய கல் போலப் பக்கம் பக்கமாகப் பொருந்தி நிற்க, இது மட்டும் பின்புறமாக ஏறி அடுக்கியிருக்கும். சரியான பார்வை. நம் மீனவர்கள் இதே ஆமையை அழுங்காமை என்கிறார்கள். அழுங்கு என்றால் எறும்புதின்னி. வன்னிக் காட்டில் உடல் முழுதும் கெரட்டின் செதில் அடுக்கிக்கொண்டு, அஞ்சினால் பந்தாகச் சுருளும் விலங்கு.

உப்சாலாவில் பேராசிரியராக இருந்த லின்னேயஸ் கூரையைக் கண்டார். நம் கடலில் தோணி விட்டவர் காட்டு விலங்கைக் கண்டார். இருவரும் பிடித்தது ஒரே அடையாளம்: தகடு தகட்டின்மேல் ஏறியிருப்பது. மற்ற ஆமைகளிலிருந்து இதைப் பிரிக்க இன்றைக்கும் கைநூல்கள் சொல்லும் முதல் அடையாளங்களில் ஒன்று அது. என் கணிப்பில் தமிழ்ப் பெயர் ஒரு படி மேலானது. எறும்புதின்னியின் செதிலும் ஆமையின் தகடும் ஒரே பொருள், இரண்டும் கெரட்டின். கூரையோட்டுக்கு அந்த உறவு இல்லை. காட்டையும் கடலையும் அறிந்த ஒருவர், அல்லது ஒரு ஊர், இரண்டையும் கையில் தொட்டுப் பார்த்திருக்கவேண்டும். அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை.

அந்த அறிவு பெயரோடு நிற்கவில்லை. அழுங்காமை இறைச்சி சில வேளை ஆளைக் கொல்லும் என்பதும் கரையோர மக்களுக்குத் தெரிந்தது. அது கடற்பஞ்சுகளைத் தின்று வாழ்வது. அதன் இறைச்சி சில வேளை நஞ்சாவதற்கு அந்த உணவையே காரணமாகச் சொல்கிறார்கள். இறைச்சியை விட்டவர்களும் ஓட்டை விடவில்லை. அந்த ஏறிய தகடுகள்தான் சீப்பாகவும் பெட்டியாகவும் உலகெங்கும் விலைபோயின. 1996இலிருந்து அழுங்காமை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இலங்கைக் கடலுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளையும் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஐந்தில் இன்னொன்றின் பெயரிலும் செதில் உண்டு. தமிழகக் கரையில் பங்குனி ஆமை எனப்படுவதன் பேரினப்பெயர் லெபிடோகெலிஸ், அதாவது செதிலாமை. அழுங்காமைக்கு விலாத் தகடு பக்கத்துக்கு நான்கு. இதற்கு ஆறு, ஏழு, சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

1990களின் தொடக்கத்தில் போர் தீவுகளின் ஊர்களை வெறுமையாக்கியது. கடலுக்குப் போனவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்கும் அதற்கப்பாலும் சிதறினார்கள். எல்லோரும் திரும்பி வரவில்லை. மீன், ஆமை, சங்கு, பாசி ஒவ்வொன்றுக்கும் தீவுக்குத் தீவு மாறி வழங்கிய பெயர்களில் எத்தனை பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்ந்தன என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அழுங்காமை போன்ற ஒரு பெயர் போனால், அதை வைத்தவர் பார்த்த பார்வையும் போகிறது. அகராதியில் அதற்கு மாற்று வைக்கலாம், பார்வைக்கு மாற்றில்லை.

*

படத்தின் அருமை சொல்ல ஒரு புழு. 1853இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஒஸ்ரிய விலங்கியலாளர் லூட்விக் ஷ்மார்டா, இலங்கைக் கடலிலும் முதுகெலும்பற்ற உயிர்களைத் திரட்டினார். 1861இல் அவர் விவரித்தவற்றில் ஒன்று கஸ்ட்ரோலெபிடியா. ‘வயிற்றுச் செதில்’ என்பது பொருள். முதுகில் இரு வரிசைச் செதில்கள் போர்த்த வளையப்புழு. வயிற்றுப் பக்கத்திலும் சிறு மடல்கள் இருப்பதால் அந்தப் பெயர். வாழிடம் கடலட்டையின் உடல். தீவுகளில் இப்போது பண்ணை வைத்து வளர்க்கிறார்களே, அந்தக் கடலட்டையின் இனத்தார் மேல்தான் இது ஊர்ந்து திரியும். தான் குடியிருக்கும் அட்டையின் நிறத்தைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். சாராயத்தில் இட்டால் நிறம் வெளுத்துவிடும். அட்டையிலிருந்து பிரித்து எடுத்த மாதிரியில் அந்த ஒப்புமை இருக்காது. உயிரோடு இருக்கையில் வண்ணம் தீட்டிய படம் ஒன்றுதான் அதைக் காப்பாற்றும்.

இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட் இதை நன்றாக அறிந்திருந்தார். 1850களில் திருகோணமலையில் ஓடற்ற கடல்நத்தைகளை உயிரோடு வைத்து வண்ணத்தில் வரைவித்தார். 1860இல் அவர் இறந்தார். 1906இல் சார்ல்ஸ் எலியட் அந்த இனங்களை மறுபடி ஆராய்ந்தபோது, நியூகாசில் அரும்பொருளகத்தில் இருந்த கெலார்ட்டின் படங்களே அவருக்கு வழிகாட்டின.

இலைக்கனுக்குப் படம் எடுப்பது எளிது, அது ஓடாது. நெடுந்தீவு முருகைக்கல் வேலிகளிலும் பனை அடிமரத்திலும் சாம்பலும் வெண்பச்சையுமாகப் படர்ந்திருப்பதைத் தேமல் என்று கடந்து போவோம். கிரேக்கரும் அப்படியே கண்டார்கள். இலைக்கன் என்ற சொல்லின் மூலமான ‘லைக்கேன்’ தோல்நோய்க்கும் வழங்கிய சொல். லெபிஸ் என்ற செதிற் சொல்லிலிருந்தே லெப்ரா வந்தது, தூள்தூளாகப் படியும் ஒரு இலைக்கன் பேரினத்துக்கு லெப்ராரியா என்ற பெயரும் வந்தது. நோய் அன்று அது, ஒரு கூட்டுக்குடும்பம். வீடு கட்டியது பூஞ்சணம், சமைப்பது அதற்குள் வாழும் பாசி. 1860களின் இறுதியில் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது பெரிய இலைக்கன் அறிஞர்களே ஏற்க மறுத்தார்கள். ஓரம் கிளம்பிச் சிறுசிறு தகடாக நிற்கும் வகைக்கு ஆய்வாளர் இட்ட பெயர் செதிலிலைக்கன்.

தைமாதத்தில் நெடுந்தீவில் ஒரு வேலிக்கல்லைத் தேர்ந்தேன். கல்லிலேயே பவளத்தின் தேன்கூட்டு வடிவம் தெரிந்தது. கடலில் அது உயிரோடு இருந்த காலத்துக் கண்ணறைகள். அவற்றின்மேல் ஐந்து சத நாணயமளவு ஒரு இலைக்கன். கண்ணாடித்தாளை அதன்மேல் வைத்து, கூரான பேனையால் ஓரத்தை மெல்லச் சுற்றி வரைந்தேன். வடகிழக்குப் பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி. கீழே திகதி. வேலிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரோ அதிலும் குறைவாகவோதான் வளரும், அடுத்த தைக்கும் வந்து இதே தாளை வைத்துப் பார்ப்பேன் என்றேன்.

“அப்ப இந்தக் கல்லைப் பிடுங்காமல் விடுறன்” என்றார்.